உருளிக்கு அடியில் ஒரு சீட்டு

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் இக்கா தன் கடைவாசலில் நின்று என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். நீ வேலை பார்த்த பழம்பொருள் கடையின் முதலாளி, அதே இக்காதான். எதிரே மசாலாக் கடையில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த நான் கையைத் துடைத்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனேன். வாசலில் கிடந்த பெரிய வெண்கல உருளியை நான்கு பேர் சேர்ந்து ஓரமாக நகர்த்தியிருந்தார்கள். அது எத்தனை வருடமாக அங்கே கிடக்கிறது என்று உனக்குத்தான் தெரியும். அதைப் படம் எடுக்காத சுற்றுலாப் பயணி கிடையாது, வாங்கிய பயணியும் கிடையாது. கடைக்குத் தரை மாற்றப் போகிறார்களாம். உருளி இருந்த இடத்தில் வட்டமாகத் தூசி, அதற்குள் ஒரு சின்னக் காகிதச் சீட்டு.

"இது நிங்கடெ ஜப்பான் அல்லே?" என்று இக்கா குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

உன் கையெழுத்து. பெரிது பெரிதாக, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும் ஹிரகானா எழுத்துகள். எழுத்துதான் ஜப்பான், பேச்சு தமிழ். எழுத்துக்கூட்டி வாசித்தேன்: "சாயா ஆருது. வா."

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. நம் வழக்கப்படி அங்கே என் பதில் இருந்திருக்கவேண்டும். நான் பார்க்காமல் விட்ட சீட்டு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இந்தக் கடிதத்தை நீ படிக்கப் போவதில்லை. இருந்திருந்தாலும் படித்திருக்க மாட்டாய், உனக்குத்தான் தமிழ் எழுத்தே தெரியாதே. மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியில் தமிழ் பேசும் குடும்பம், படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடம். நானோ தென்காசியிலிருந்து வந்தவள், மலையாள எழுத்து தெரியாது, பஸ்ஸைக்கூட நிறம் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். வாய்திறந்தால் நாம் இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசுவோம், பேனாவை எடுத்தால் ஒருத்திக்கு ஒருத்தி ஊமை. ஆங்கில எழுத்தில் எழுதலாம்தான். ஆனால் அதை இக்காவும் வாசித்துவிடுவார், வேலை நேரத்தில் வம்பளக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். அதனால் ஜப்பான் வகுப்பில் ஹிரகானா படித்து முடித்த வாரமே அதில் தமிழை எழுத ஆரம்பித்தோம். உருளிக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடுக்குதான் தபால்பெட்டி. ஜப்பான் எழுத்தில் ல, ள, ழ, ற எதற்கும் இடமில்லை, எல்லாம் 'ர'தான். "வாரைப்பரம் வாங்கி வச்சிருக்கேன்" என்று நீ எழுதிய சீட்டைப் பார்த்து நான் கடைக்குள் தனியாகச் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது. ஏலக்காய் வாங்க வந்த ஒரு அம்மா பயந்துபோய்ப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்.

ஜப்பான் மொழி என்னுடைய ஆசை, உன்னுடையதல்ல. மசாலாக் கடைக்கு வருவதற்கு முன் நான் தேவராவில் ஒரு வீட்டில் ஹோம் நர்ஸாக இருந்தேன். படுக்கையில் இருந்த ஒரு பெரியவரைக் கடைசி நாள்வரை பார்த்துக்கொண்டேன். அந்த வேலை எனக்குப் பிடிக்கும், எனக்குச் சரியாக வந்த ஒரே வேலை அது. ஜப்பானில் முதியோர் இல்லங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள், மொழி தெரிந்தால் போதும் என்று கேள்விப்பட்டதும் போய்ச் சேரவேண்டும் என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, எர்ணாகுளத்தில் ஒரு மாடியில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குத் தனியாகப் போகத் தைரியம் இல்லை. புது ஆட்கள் முன்னால் எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"நீ எந்தினாடி பேடிக்கிற? நானும் வரேன்," என்றாய். உனக்கு ஜப்பானுக்குப் போகும் யோசனையே கிடையாது. எனக்குத் துணையாக வந்தவள் நீ. முதல் வகுப்பிலேயே என்னைவிடச் சத்தமாகவும் என்னைவிடத் தப்பாகவும் பேசியவளும் நீ.

மூன்றாவது மாதம் அந்தப் பாடம் வந்தது. ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்று சொல்லும் சொற்கள். அவற்றில் இரண்டு கூட்டம் உண்டு என்றார் நம் டீச்சர். ஒரு கூட்டத்துக்கு 'இ' என்று ஒரு வால் இருக்கும். 'அட்சுய்' என்றால் சூடு. சூடாக இல்லை என்று சொல்ல, அந்த வாலை வெட்டிவிட்டு வேறு வாலை ஒட்டவேண்டும்: அட்சுக்குனாய். சூடாக இருந்தது என்றால் அட்சுக்கத்தா. சூடாக இருக்கவில்லை என்றால் அட்சுக்குனக்கத்தா. இரண்டாவது கூட்டம் எதற்கும் அசைந்துகொடுக்காது. 'ஷிஸுக்க' என்றால் அமைதி. இல்லை என்பதற்கும் இருந்தது என்பதற்கும் பக்கத்தில் வேறொரு சொல்லை நிறுத்தி அதைத்தான் மாற்றவேண்டும். நம் தமிழில் சாயா சூடாக இருக்கிறது, சூடாக இருந்தது. சூடு உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும், ஓடியாடுவது பக்கத்திலிருக்கும் சொல்தான். அங்கே சூடே மாறிப்போகிறது. எனக்குத் தலை சுற்றியது.

திரும்பும் படகில் நீ அதை இரண்டு வரியில் முடித்துவிட்டாய்.

"முதல் கூட்டம் நம்மளப் போல. சாக்க அவங்களே சுமப்பாங்க. ரெண்டாவது கூட்டம் நம்ம இக்காவப் போல. அவரு கசேரிய விட்டு எழும்ப மாட்டாரு, ஓடுறதுக்கு நம்மள விடுவாரு. அது மதி, வேற ஒண்ணும் படிக்கண்டாம்."

படகில் பக்கத்திலிருந்த ஒருவர் நம்மைத் திரும்பிப் பார்த்தார். நீ அவரைப் பார்த்து, "கேட்டோ சேட்டா, ஜப்பான்," என்று விளக்கம் வேறு சொன்னாய்.

நான் நோட்டில் கட்டம் போட்டு நான்கு வடிவத்தையும் எழுதி மனப்பாடம் செய்வேன். உனக்கு நோட்டே ஆகாது. பொருளின்மேல் கை இல்லாமல் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்று ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாய். "கைய வை. வச்சிட்டுப் பற." சொல்வது உனக்கு எப்போதும் 'பற'தான். சாயா கிளாஸைப் பிடித்துக்கொண்டு அட்சுய். மீன்காரர் பெட்டியில் இருந்த ஐஸில் விரலை வைத்து ட்சுமெத்தாய், குளிர்ச்சி. உருளியின் விளிம்பைத் தூக்குவதுபோல் மூச்சுப் பிடித்து ஒமோய், கனம். சாயா குடிக்க ஆரம்பிக்கும்போது ஒரு வடிவம், ஆறியபின் ஒரு வடிவம், காலிக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற இரண்டும். தட்டுக்கடைச் சேட்டன் கிளாஸைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். அழகு என்று பொருள்படும் 'கிரேய்' மட்டும் உனக்குக் கடைசிவரை வசப்படவில்லை. அது பார்க்க முதல் கூட்டம் மாதிரி இருக்கும், உண்மையில் இரண்டாவது. "வேலைக்காரன் சட்டய இட்ட முதலாளி," என்று நீயே எனக்குச் சொல்லித் தந்துவிட்டு, நீயே ஒவ்வொரு முறையும் அதன் வாலை வெட்டினாய்.

கடை முழுக்க நீ சீட்டு ஒட்டிய நாளைப் பற்றி எழுதாமல் விட்டால் உனக்குக் கோபம் வரும்.

வகுப்பில் பரீட்சை வைப்பதாகச் சொன்ன வாரம் அது. இக்கா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், சாயங்காலம்தான் வருவார் என்று நினைத்தாய். எனக்காகத்தான் செய்தாய், எனக்குத் தெரியும். கடையிலிருந்த பொருள் எல்லாவற்றின்மேலும் ஒரு சொல்லாக எழுதி ஒட்டினாய், வடிவங்களை மாற்றி மாற்றி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் வந்து ஒவ்வொன்றின்மேலும் கைவைத்துப் படிக்கவேண்டும் என்பது உன் திட்டம். நான் வருவதற்குள் இரண்டு ஜப்பானியப் பெண்கள் வந்துவிட்டார்கள்.

நூறு வருடப் பழையது என்று இக்கா சத்தியம் செய்யும் தூக்குவிளக்கில் 'பழையதல்ல' என்று ஒட்டியிருந்தது. மரக்குதிரையில் 'கனமாக இருக்கவில்லை'. சாய்வு நாற்காலியில் 'விலை அதிகமாக இருந்தது'. பெல்ஜியம் கண்ணாடியில், வாலை வெட்டிய 'கிரேய்'. அவர்களில் மூத்தவர் ஒவ்வொன்றாகக் குனிந்து வாசித்து, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தபோது இக்கா படியேறி உள்ளே வந்தார். அன்றைக்கென்று கல்யாணத்தில் சாப்பாடு சீக்கிரம் போட்டுவிட்டார்கள்.

இதற்கு முன் ஒருமுறை நீ ஒரு டில்லிக்காரரிடம் உண்மையைச் சொல்லி ஒரு கண்ணாடியை விற்காமல் கெடுத்திருந்தாய். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டிலேயே இருந்துகொள் என்று இக்கா அன்றே சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் உன் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பது எனக்குத் தெரியும்.

"எந்து எழுதி வச்சிருக்க? அவங்க எந்தினா சிரிக்கிறாங்க?" என்று அவர் கேட்பது எங்கள் கடைவரை கேட்டது. நீ வாசலுக்கு வந்து, "வாடி இங்க," என்று என்னைக் கூப்பிட்டாய். உன் குரலில் பயத்தை அன்றைக்குத்தான் முதலும் கடைசியுமாகக் கேட்டேன்.

வந்தேன். நின்றேன். நான்கு வடிவங்களும் நெஞ்சுக்குள் வரிசையாக இருந்தன, ஒன்றும் வெளியே வரவில்லை. அந்தப் பெண்கள் இருவரும் மரியாதையாகக் காத்துக்கொண்டு நின்றார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது.

"ஏட்டி, என்னால முடியாதுட்டி," என்றேன்.

நீ என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உருளியின்மேல் வைத்தாய். "கைய வை. பற."

"ஒமோய்," என்றேன். உருளி அன்றைக்கும் கனமாகத்தான் இருந்தது. அதன்பின் ஒமொக்குனாய், ஒமொக்கத்தா, ஒமொக்குனக்கத்தா என்று நான்கும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ராகத்தோடு வந்துவிட்டன. பிறகு உன்னைக் காட்டி, என்னைக் காட்டி, "பெங்க்யோ," படிப்பு, என்றேன். மூத்தவர் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினார். தானும் உருளியைத் தூக்கப் பார்த்து, "ஒமோய்," என்று கத்தினார். பிறகு நம் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கடை முழுக்கச் சுற்றி எல்லாச் சீட்டையும் வாசிக்கவைத்தார். கண்ணாடிமேல் இருந்ததை மட்டும் தன் பேனாவால் திருத்தினார். நீ அவருக்கு நன்றி சொல்லிவிட்டு உடனே அதே தப்பை மறுபடி சொன்னாய்.

உருளிக்கு அடியில் பாதி நீட்டிக்கொண்டிருந்த நம் தபாலையும் அவர் விடவில்லை. இதுவும் பாடம்தான் என்று எடுத்து, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, நீ அடிக்கடி எழுதும் அந்த வரியைத் தெளிவாக வாசித்தார்: "சாயா ஆருது. வா." அவருக்கே அது புரியவில்லை. நாம் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துவிட்டோம். அதுவரை முறைத்துக்கொண்டிருந்த இக்கா மட்டும் பதறிப்போய், "ஓ, சாயா வேணுமா? இப்ப வரும்," என்று நான்கு சாயாவுக்கு ஆள் அனுப்பினார்.

அவர்கள் தூக்குவிளக்கை வாங்கிக்கொண்டார்கள். 'பழையதல்ல' என்ற சீட்டைப் பிரிக்கக்கூடாது என்று கையை ஆட்டிச் சொல்லி, அதோடு சேர்த்துத்தான் கட்டவைத்தார்கள். அவர்கள் போனபின் இக்கா தாடியைத் தடவிக்கொண்டே, "எல்லாத்துலயும் ஒட்டு," என்றார். எதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை. மரக்குதிரையில் அந்தச் சீட்டு இப்போதும் இருக்கிறது.

அந்தத் தைரியத்தில்தான் இரண்டு மாதம் கழித்து என் முதல் நேர்காணலுக்குப் போனேன். எர்ணாகுளத்தில் ஒரு அலுவலகம், கம்ப்யூட்டர் திரையில் ஜப்பானில் இருந்து ஒரு அம்மா. நீ கீழே சாயாக்கடையில் காத்திருந்தாய். உங்கள் ஊர் எப்படி இருக்கும் என்றுதான் கேட்டார். கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரிய ஊரா, அழகான ஊரா, சூடான ஊரா என்று அவரே எடுத்துக்கொடுத்தும் தலையை மட்டும் ஆட்டினேன். சீக்கிரமே முடித்துவிட்டார்கள்.

கீழே வந்து அழுதேன். "கை சும்மா இருந்துச்சா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். "அதான். அடுத்த வாட்டி எதயாவது பிடிச்சிட்டுப் போ," என்று சொல்லிவிட்டுப் பழம்பொரி வாங்கப் போய்விட்டாய்.

அடுத்த தடவை வருவதற்குள் ஆடி மாதக் கர்க்கடக மழை வந்தது. காய்ச்சல் என்று ஒரு நாள் நீ கடைக்கு வரவில்லை. எலிக்காய்ச்சல் என்று பிறகு சொன்னார்கள். ஆறே நாள். ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்தபோது அது கொதித்தது. அதற்கான சொல் எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. உன்மேல் எனக்குக் கோபம்கூட இருந்தது. என்னைத் தெருவைத் தாண்டிக் கூப்பிட்டுப் பழக்கிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய் என்று. வகுப்பை விட்டேன். நான்கு மணிக்கு சாயா குடிப்பதையும் விட்டேன். ஜப்பான் நோட்டை மிளகு மூட்டைக்குப் பின்னால் போட்டுவிட்டேன். டீச்சர்தான் என்னைக் கேட்காமலே அடுத்த நேர்காணலுக்குப் பெயரைக் கொடுத்திருந்தார். போகப் போவதில்லை என்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அந்த நிலையில்தான் செவ்வாய்க்கிழமை இக்கா கைதட்டிக் கூப்பிட்டார்.

"சாயா ஆருது. வா."

எந்த நாள் எழுதிய சீட்டோ தெரியாது. அன்றைக்கு என் கடையில் கூட்டமாக இருந்திருக்கும், நீ தனியாகவே குடித்திருப்பாய், என் பங்கையும் சேர்த்து. அதை நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன்னை நினைத்து ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். இக்கா என்ன நினைத்தாரோ, "சாயா பறயட்டா?" என்று கேட்டார். நான் குடித்தேன். நோட்டையும் தேடி எடுத்தேன். நிறைய மிளகு வாசனை, வேறு சேதமில்லை.

வெள்ளிக்கிழமை நேர்காணல். அதே அலுவலகம், அதே கீழ்க்கடை. ஒரு சாயா வாங்கி, கிளாஸோடு மாடி ஏறினேன். "கிளாஸ் திரிச்சுத் தரணும் கேட்டோ," என்று கடைக்காரர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். அலுவலகத்துப் பெண் கம்ப்யூட்டர்மேல் கொட்டிவிடப் போகிறேன் என்று பயந்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வதாகச் சொன்னேன்.

திரையில் வேறொரு அம்மா, கண்ணாடி போட்டவர். வணக்கம் முடிந்ததும், பேச முடியாத ஒருவரைக் குளிக்கவைக்கும் முன் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். எல்லா வடிவங்களும் நோட்டுக் கட்டத்தில் இருப்பதுபோல் உள்ளேயே நின்றன, வழக்கம்போல. விரல் சுட்டது. குனிந்து கிளாஸைப் பார்த்தேன்.

"அட்சுய்," என்றேன். கிளாஸை மேசையில் வைத்தேன். வலது கையை இல்லாத தண்ணீருக்குள் விட்டேன். சூடா, சூடில்லையா? முதலில் என் கை. பிறகு அவர் கையை மெதுவாக எடுத்துத் தண்ணீரில் வைத்து, அவர் முகத்தைப் பார்ப்பேன். முகம் சொல்லும். தெரிந்த சொல்லுக்குச் சொல், தெரியாததற்குக் கை. தேவராப் பெரியவரைப் பற்றிச் சொன்னேன். அவருக்குக் குளிராக இருந்தது, குளிராக இருக்கவில்லை, வலித்தது, வலிக்கவில்லை என்று எல்லாவற்றையும் அவர் தோளில் கைவைத்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று சொன்னேன். எத்தனை தப்பு விட்டேனோ, நான் நிற்கவேயில்லை. ஓர் இடத்தில் 'கிரேய்' என்ற சொல் வந்து அதன் வாலை நானும் வெட்டிவிட்டேன். அந்த அம்மா திருத்தவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவர் கிளாஸைக் காட்டி, அது என்ன, இன்னும் சூடாக இருக்கிறதா என்று கேட்டார். தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: அட்சுக்கத்தா, இப்போது அட்சுக்குனாய். அவர் சிரித்தார். எதிரிலேயே குடித்து முடிக்கச் சொன்னார். ஆறிய சாயாவை ஒரே மூச்சில் குடித்தேன்.

நேற்று டீச்சர் போன் செய்தார். எடுத்துக்கொண்டார்களாம். இந்த வருட மழை முடிந்ததும் கிளம்பவேண்டியிருக்கும். அங்கே எத்தனை பேரின் நெற்றியும் பாதமும் குளிக்கும் தண்ணீரும் எனக்காகக் காத்திருக்கின்றன என்று தெரியாது. உன் வழக்கம் என் கையோடு வருகிறது, அதற்குப் பெட்டியில் இடம் வேண்டாம்.

இன்று காலை புதுத் தரை காய்ந்து, உருளியைப் பழைய இடத்துக்கே தள்ளினார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். உன் சீட்டின் பின்பக்கத்தில், நம் எழுத்தில், நம் தமிழில், ஒரே ஒரு சொல் எழுதி அடியில் வைத்தேன். இக்கா எட்டிப் பார்த்து, "எந்தா எழுதின?" என்று கேட்டார். பதில் என்று மட்டும் சொன்னேன். உனக்குச் சொல்கிறேன், எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்.

பேசிட்டேன்.